மேடையில் நடமாட்டம்: நெறியாளரைப் பயிற்றும் முறை

நெறியாள்கை பழக வந்திருப்பவர்களிடம் முதல் வகுப்பிலேயே ஒரு சிறிய காட்சியைக் கொடுத்து, நடிகர்களை மேடையில் நிறுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் எல்லோரையும் முன்விளிம்பில் வரிசையாக நிறுத்திப் பார்வையாளரைப் பார்த்துப் பேசவைப்பார்கள். ஒலிவாங்கி தொங்கும் இடத்தைச் சுற்றியே கூட்டம் சேரும். சிலர் மேடை வெறுமையாகத் தெரிகிறது என்று ஒவ்வொரு வசனத்துக்கும் ஒருவரை இங்கும் அங்கும் நடக்கவைப்பார்கள். இரண்டிலும் குறை ஒன்றுதான். நடிகர் நெறியாளரின் வசதிக்காக நிற்கிறார், நெறியாளரின் வசதிக்காக நடக்கிறார். பாத்திரத்துக்கு அங்கே வேலை இல்லை.

இந்த அத்தியாயம் மொன்றியலில் தமிழ் நாடகக் குழுக்களுக்கும் வார இறுதிப் பாடசாலைகளுக்கும் நெறியாள்கை கற்பிக்க விரும்புவோருக்கானது. இதில் வரும் பயிற்சிகள் அனைத்தும் ஒரே எண்ணத்தைச் சுற்றியவை: நெறியாளர் நடிகருக்கு முதலில் தேவையைக் கொடுக்க வேண்டும். யாரிடமிருந்து என்ன வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்பது நடிகருக்குத் தெளிந்துவிட்டால், நிற்க வேண்டிய இடத்தை அவர் உடலே தேடத் தொடங்கும். நெறியாளர் அதைப் பார்த்துத் தெரிந்தெடுக்கலாம், கூர்மையாக்கலாம், பார்வையாளருக்குத் தெரியும்படி திருப்பிவிடலாம்.

1. திசைகளுக்குப் பெயர்

மேடையை நெடுக்காக மூன்றும் குறுக்காக மூன்றுமாகப் பிரித்தால் ஒன்பது கட்டங்கள் வரும். பார்வையாளருக்கு அருகில் இருப்பது கீழ்மேடை. பின்திரைக்கு அருகில் இருப்பது மேல்மேடை. பழைய ஐரோப்பிய அரங்குகளில் மேடை பின்புறம் உயர்ந்து சரிவாக இருந்ததால் வந்த வழக்கு இது. வலமும் இடமும் பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகருடையவை. இதை முதல் நாளே உறுதியாக்குங்கள். ஒன்பது கட்டங்களையும் நாடாவால் தரையில் ஒட்டி, "கீழ் இடம்", "மேல் மத்தி" என்று சொல்லச் சொல்ல மாணவர் போய் நிற்கும் விளையாட்டு பத்து நிமிடம் போதும்.

மொன்றியலில் இன்னொரு பெயர்ச்சோடியும் தெரிந்திருக்க வேண்டும். இங்குள்ள அரங்குகளின் ஒளி, ஒலிப் பணியாளர்கள் பலர் பிரெஞ்சு மரபில் பயின்றவர்கள். அவர்கள் நடிகரின் இடப்பக்கத்தைக் 'கூர்' என்பார்கள், அதாவது முற்றம். வலப்பக்கம் 'ஜார்தேன்', தோட்டம். பரிஸ் துய்லரி அரண்மனை அரங்கில் ஒரு பக்கம் முற்றமும் மறுபக்கம் தோட்டமும் இருந்ததிலிருந்து வந்தவை இப்பெயர்கள். நடிகர் எப்பக்கம் திரும்பினாலும் முற்றம் முற்றமாகவே இருக்கும் என்பது இதன் வசதி. உங்கள் பிரதியில் "வலம்" என்று மட்டும் இருந்து, ஒளி இயக்குபவர் அதைத் தன் வலம் என்று எடுத்துக்கொண்டால், விளக்கு ஆளில்லாத மூலையில் எரியும். ஆகவே மாணவரின் பிரதியின் முதற்பக்கத்திலேயே வரைபடம் ஒன்று வரையச் செய்து, தமிழ்ப் பெயரையும் பிரெஞ்சுப் பெயரையும் அருகருகே தமிழில் எழுதவையுங்கள்.

2. வெறும் மேடையும் இரண்டு கதிரைகளும்

பிரெஞ்சு நெறியாளர் ஜாக் கொப்போ 1913-இல் பரிசில் தொடங்கிய வியூ கொலோம்பியே அரங்கில், அலங்காரங்களை நீக்கி வெறும் மேடையில் நடிகரை முன்னிறுத்தினார். அவரிடம் பயின்ற மருமகன் மிஷேல் சான் தெனி. 1960-இல் மொன்றியலில் கனடாவின் தேசிய நாடகப் பள்ளி தொடங்கியபோது அதற்கு ஆலோசகராக இருந்தவர் இவரே. ஆங்கில மாணவரும் பிரெஞ்சு மாணவரும் ஒரே நிறுவனத்தில் தனித்தனிப் பிரிவுகளாகப் பயிலும் அந்தப் பள்ளி இன்றும் இந்நகரில் இயங்குகிறது. நமது குழுக்களுக்கு வசதி குறைவு என்று கவலைப்பட வேண்டியதில்லை. வெறும் மேடை நல்ல பள்ளிக்கூடம்.

முதற்பயிற்சி இது. இரண்டு நடிகர்கள், இரண்டு கதிரைகள், வாசல் ஒன்று. வசனம் இல்லை. நெறியாளராகப் பழகுபவர் இருவரையும் மூன்று தூரங்களில் நிறுத்த வேண்டும்: கை தொடும் தூரம், மேசையளவு தூரம், மேடையின் இரு முனைகள். ஒவ்வொன்றிலும் ஒருமுறை இருவரும் நிற்கட்டும். ஒருமுறை ஒருவர் இருக்கட்டும். ஒருமுறை ஒருவர் முதுகு காட்டட்டும். பார்த்திருக்கும் மற்ற மாணவர்கள், இவர்கள் யார், இவர்களுக்கிடையே என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். நெறியாளர் வாய் திறக்கக் கூடாது.

இதில் மாணவர் தாமாகவே சில உண்மைகளைக் கண்டெடுப்பார்கள். நின்றிருப்பவருக்கு எப்போதும் அதிகாரம் வந்துவிடுவதில்லை. எல்லோரும் நிற்க, இருந்தபடியே பேசுபவர்தான் சில வேளை வீட்டின் தலைவர். முதுகும் பேசும், ஆனால் அது ஏன் திரும்பியது என்று பார்வையாளர் முன்பே கண்டிருக்க வேண்டும். தூரம் எப்போதும் பகை ஆகாது. நெருங்க முடியாத அன்பும் தூரத்தில்தான் நிற்கும். இவற்றை நீங்கள் விதிகளாகச் சொல்லிக் கொடுக்காதீர்கள். மாணவர் சொன்னதும் பலகையில் எழுதுங்கள்.

3. ஐந்து வரி, மூன்று அமைப்பு

அடுத்து வசனத்தோடு. கீழே உள்ளது இப்பாடத்துக்காகவே எழுதிய சிறு காட்சி. பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில் ஒரு வீடு. சமையலறையில் அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கிறார். மகள் வேலையால் வந்திருக்கிறாள்.

மகள்: அம்மா, ஒரு விஷயம் கதைக்க வேணும்.
அம்மா: கதை. கைக்குத்தானே வேலை, காது சும்மாதானே இருக்கு.
மகள்: எனக்கு ரொறன்ரோவில வேலை கிடைச்சிருக்கு.
அம்மா: சாப்பிட்டிட்டியே?
மகள்: அடுத்த மாசம் போறன்.

இதை மூன்று விதமாக அமைக்கச் செய்யுங்கள்.

முதல் அமைப்பில் இருவரும் மேடை நடுவில் முகத்துக்கு முகம் நிற்கிறார்கள். வசனம் கேட்கிறது, கதை புரிகிறது. ஆனால் அம்மா ஏன் "சாப்பிட்டிட்டியே?" என்று கேட்டார் என்பதை உடல் சொல்லவில்லை, நடிகை குரலை மட்டும் நம்பியிருக்கிறார்.

இரண்டாம் அமைப்பில் அம்மா மேல்மேடையில், முதுகு பாதி திரும்பி, வெட்டும் பலகையில். மகள் குளிர் அங்கியைக் கழற்றாமல் வாசலோரம் நிற்கிறாள். "ரொறன்ரோ" என்றதும் கத்தி நிற்கிறது. அம்மா "சாப்பிட்டிட்டியே?" என்று கேட்டுவிட்டு அடுப்பை நோக்கிப் போகிறார், மகளிடமிருந்து இன்னும் விலகி. மகள் அங்கியைக் கழற்றி, மேசையில் வந்து இருந்து, தட்டை வாங்கிக்கொள்கிறாள். அதன் பிறகே "அடுத்த மாசம் போறன்." வீட்டுக்குள் முழுமையாக வந்து உட்கார்ந்த கணத்திலேதான் போவதைச் சொல்கிறாள்.

மூன்றாம் அமைப்பில் அம்மா கேள்வியோடு மகளை நோக்கி வருகிறார். மகள் மேசையைச் சுற்றி மறுபக்கம் போகிறாள். அம்மா நிற்கிறார். மேசை இருவருக்கும் நடுவில் வேலியாகிவிடுகிறது. கடைசி வரி அந்த வேலிக்கு மேலாகப் போகிறது.

மாணவரிடம் கேளுங்கள்: இரண்டாவதில் யார் யாரைத் தவிர்க்கிறார்? மூன்றாவதில்? சொற்கள் மாறவில்லை, ஆனால் ஒன்றில் அம்மா செய்தியிடமிருந்து ஓடுகிறார். மற்றதில் மகள் அம்மாவின் அன்பிடமிருந்து ஓடுகிறாள். எந்த நாடகம் நமக்கு வேண்டும் என்று தீர்மானிப்பதே நெறியாளரின் வேலை. அந்தத் தீர்மானம் இல்லாமல் "அங்கே போய் நில்" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

4. அசைவு முதலா, வசனம் முதலா

மேற்கண்ட காட்சியிலேயே ஒரு தொழில்நுட்பத்தையும் கற்பித்துவிடலாம். அசைந்து முடித்துப் பிறகு பேசினால் வசனத்துக்கு அழுத்தம் கிடைக்கும். பேசி முடித்துப் பிறகு அசைந்தால் அசைவுக்கு அழுத்தம். பேசிக்கொண்டே அசைந்தால் இரண்டும் கலந்து இலேசாகும். சாதாரணப் பேச்சுக்கு அது நல்லது, காட்சியைத் திருப்பும் வரிக்கு உதவாது.

மகள் இருந்துவிட்டு "போறன்" என்கிறாள்: அழுத்தம் சொல்லில். அம்மா கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போகிறார்: அழுத்தம் விலகலில். இப்போது இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மா முதலில் விலகிப் பிறகு கேட்கட்டும். மகள் நின்றபடி சொல்லிவிட்டுப் பிறகு உட்காரட்டும். அவள் உட்காருவது இப்போது தளர்ச்சியாகத் தெரியும். ஒரே அசைவு, ஒரு நொடி முன்பின், பொருள் வேறு.

5. பதினைந்து பெண்கள், ஒரு சமையலறை

இருவர் காட்சி கைவந்தபின் கூட்டக் காட்சிக்குப் போக வேண்டும். அதற்கு மொன்றியலே தந்த மிகச் சிறந்த பாடம் மிஷேல் ட்ராம்ப்ளேயின் 'லே பெல் சேர்'. 1968 ஆகஸ்ட் 28 அன்று சான் தெனி வீதியின் ரிதோ வேர் அரங்கில் முதன்முதல் மேடையேறியது. நெறியாளர் ஆந்த்ரே ப்ராசார், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். நகரின் கிழக்குப் புறத் தொழிலாளர் குடும்பங்கள் பேசும் ஜுவால் வழக்கை மேடைக்குக் கொண்டுவந்ததால் பெரும் சர்ச்சை எழுந்தது. இன்று கியூபெக் நாடக வரலாறு அதை ஒரு திருப்புமுனையாகக் கொள்கிறது.

கதை எளியது. ஜெர்மேன் லோசோன் என்ற இல்லத்தரசிக்குப் பத்து இலட்சம் பரிசு முத்திரைகள் கிடைக்கின்றன. அவற்றைச் சிறு புத்தகங்களில் ஒட்டிக் கொடுத்தால் வீட்டுப் பொருட்கள் வாங்கலாம். ஒட்டுவதற்குச் சகோதரிகளையும் அயலவர்களையும் அழைக்கிறாள். பொறாமை கொண்ட பெண்கள் ஒட்டிய புத்தகங்களை ஒவ்வொன்றாகத் திருடுகிறார்கள். பதினைந்து பாத்திரங்களும் பெண்கள். இடம் ஒரே சமையலறை.

நெறியாளருக்கு இந்நாடகம் வைக்கும் கேள்விகளைப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே கைவேலை. ஆகவே உடல்கள் மேசையில் கட்டுண்டு கிடக்கின்றன. சக்கர நாற்காலியில் வரும் 93 வயது ஒலிவின் துபுக்குக்கு வழி வேண்டும். ஒருத்தி தன் மனத்தைத் தனியே பேசும்போது மற்றப் பதினான்கு பேர் என்ன செய்வது? சேர்ந்து ஒரே குரலில் பேசும் பகுதிகளில் சமையலறை எப்படிப் பாடகர் குழுவாக மாறும்? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு திருட்டும் பார்வையாளருக்குத் தெரிய வேண்டும், ஜெர்மேனுக்குத் தெரியக் கூடாது.

இந்தக் கடைசிக் கேள்வியைப் பயிற்சியாக்குங்கள். எட்டுப் பேரை ஒரு மேசையைச் சுற்றி இருத்துங்கள். ஒருவர் வீட்டுக்காரி. மூன்று நிமிடக் காட்சியில் ஐந்து புத்தகங்கள் களவு போக வேண்டும். பார்வையாளர் ஐந்தையும் கண்டால் நெறியாளர் தேர்ச்சி பெற்றார். ஒன்றைத் தவறவிட்டால் மறுபடி. இரண்டு முயற்சிக்குள் மாணவர் கண்டுபிடிப்பது இது: எல்லோரும் அசைய ஒருவர் அசையாதிருந்தால் கண் அவரிடம் போகும், எல்லோரும் அசையாதிருக்க ஒருவர் அசைந்தாலும் கண் அவரிடம் போகும். மேடையில் உள்ளவர்கள் எங்கே பார்க்கிறார்களோ பார்வையாளரும் அங்கே பார்ப்பார். ஆகவே திருடுபவருக்கு வழிகாட்டுவதைவிட மற்ற ஏழு பேரின் கண்ணையும் கையையும் ஒழுங்குபடுத்துவதுதான் பெரிய வேலை.

கூட்டக் காட்சியில் பேசாத நடிகர்களுக்குத் தனித்தனித் தேவை கொடுக்கப் பழக்குங்கள். "நீங்கள் எல்லோரும் அதிர்ச்சி காட்டுங்கள்" என்றால் ஏழு பேரும் ஒரே விதமாகக் கையை வாயில் வைப்பார்கள். "உனக்கு அவளைத் தேற்ற வேண்டும், உனக்கு வீட்டுக்குப் போக வேண்டும், உனக்கு இது முன்பே தெரியும்" என்று பிரித்துக் கொடுத்தால் ஏழு பேரும் ஏழு இடத்தில் நிற்பார்கள்.

6. வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு

நமது மரபிலும் இதற்குப் பெரும் பாடம் உண்டு. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் வட்டக்களரியில் ஆடப்பட்டவை. பார்வையாளர் சுற்றிலும் இருப்பர். ஆடுபவருக்கு முன்பக்கம் என்று ஒன்று இல்லை. வட்டமாக ஆடித் திரும்பித் திரும்பி எல்லாத் திசைக்கும் முகம் கொடுப்பார். 1960-களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 1964-இல் மேடையேறிய 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. விடியவிடிய ஆடியது சில மணி நேரத்துக்குள் சுருங்கியது. சுற்றியிருந்த பார்வையாளர் ஒரு பக்கத்துக்கு வந்தனர். அதனால் ஆட்டத்தின் கோலங்களையும் முகம் திரும்பும் திசையையும் புதிதாக எண்ண வேண்டியிருந்தது.

மொன்றியலில் கூத்தை மேடையேற்ற விரும்பும் மாணவருக்கு இதே கேள்வி எழும். இரண்டு வழியையும் செய்து பார்க்கவிடுங்கள். பாடசாலை மண்டபத்தின் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஒருமுறை. வரிசையாகப் போட்டு ஒருமுறை. வட்டத்தில் எவரும் நீண்ட நேரம் ஒரே திசையில் நிற்க முடியாது என்பதையும், படச்சட்ட மேடையில் வட்ட ஆட்டத்தின் பின்பாதி மறைந்துபோகிறது என்பதையும் கண்ணால் கண்டால்தான் மனத்தில் நிற்கும். பேச்சு நாடகத்துக்கும் இந்த அனுபவம் உதவும். சுற்றிலும் ஆள் இருக்க நடித்துப் பழகியவர் முன்விளிம்பு வரிசையில் மீண்டும் ஒட்டிக்கொள்ள மாட்டார்.

7. பிரதியில் குறித்தல்

தீர்மானித்த அசைவு எழுத்தில் ஏற வேண்டும். பிரதியின் ஒவ்வொரு தாளுக்கும் எதிரே வெறுந்தாள் ஒன்று வைக்கச் செய்யுங்கள். வெறுந்தாளில் சிறிய மேடைப் படம், பாத்திரத்தின் முதலெழுத்து வட்டத்துக்குள், நடக்கும் திசைக்கு அம்புக்குறி. வசனத்தில் அசைவு தொடங்கும் சொல்லின் மேல் ஓர் எண். அதே எண் படத்திலும். எல்லாம் பென்சிலில்.

ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு வினை எழுதவேண்டும் என்பது கட்டாயம்: "தட்டைக் கொடுத்துப் பேச்சை நிறுத்த", "கடிதத்தை மறைக்க", "வாசலை அடைக்க". "சோகமாக", "கோபமாக" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். சோகத்தோடு எங்கே நடப்பது என்று நடிகருக்குத் தெரியாது. கடிதத்தை மறைக்க எங்கே போவது என்று தெரியும். வினை எழுத முடியாத அசைவைப் பிரதியிலிருந்து அழித்துவிடலாம்.

8. ஒத்திகை இடமும் உண்மையான மேடையும்

சமூகக் குழுக்களுக்கு மேடை கிடைப்பது பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு முந்திய நாளோ அன்று காலையோதான். ஒத்திகை வேறு எங்கோ, தாழ்ந்த கூரையின் கீழ் நடக்கும். ஆகவே மண்டபம் பதிவு செய்ததும் மேடையின் அகலம், ஆழம், பக்கத்திரைகளின் இடம், படிகள் ஆகியவற்றை அளந்து, அதே அளவில் ஒத்திகைத் தரையில் நாடா ஒட்டப் பழக்குங்கள். இடம் போதாவிட்டால் அளவைச் சுருக்காதீர்கள். மேடையின் ஒரு பாதியை ஒட்டி ஒத்திகை செய்து, பிறகு மறுபாதியை ஒட்டுங்கள். அடிக்கணக்கு உடலில் ஏற வேண்டும்.

குளிர்காலத்தில் எல்லோரும் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு ஒத்திகை செய்வார்கள். நிகழ்ச்சியன்று குதியுயர் சப்பாத்தோ செருப்போ போட்டதும் நடையின் வேகமும் ஒலியும் மாறிவிடும். சேலையும் வேட்டியும் அடியின் நீளத்தைக் குறைக்கும். இரண்டாம் வார ஒத்திகையிலிருந்தே காலணியும் கட்டுத்துணியும் வேண்டும்.

மேடை கிடைத்த நாளில் நெறியாளர் முதலில் செய்ய வேண்டியது மண்டபத்தின் கடைசி வரிசையிலும் இரு ஓரத்து முன்வரிசை இருக்கைகளிலும் போய் இருந்து பார்ப்பது. ஓர இருக்கையிலிருந்து மறையும் கட்டத்தில் முக்கியமான அசைவு எதுவும் நடக்கக் கூடாது. மேடை விளிம்பிலும் படியிலும் ஒளிரும் நாடா ஒட்டாமல் விளக்கணைத்து ஒத்திகை தொடங்கவும் கூடாது.

9. பயிற்றுநர் கவனிக்க வேண்டியவை

மாணவர் நெறிப்படுத்தும்போது எழுந்துபோய் நீங்களே நடந்து காட்டாதீர்கள். நடிகர் உங்கள் நடையைப் பின்பற்றுவார். நெறியாளராகப் பழகுபவர் தன் சொல்லுக்கு வலு இல்லை என்று எண்ணிக்கொள்வார். அவர் காதில் கேள்வியாகச் சொல்லுங்கள்: "அவளுக்கு இப்போது என்ன வேண்டும்?"

நடிகர் தானாக வேறிடம் போனால் உடனே நிறுத்த வேண்டாம் என்று மாணவருக்குச் சொல்லுங்கள். அந்தக் காட்சி முடியட்டும். பிறகு, ஏன் அங்கே போனீர்கள் என்று உண்மையான ஆவலோடு கேட்கட்டும். நம் குழுக்களில் பெரியவர்களும் சிறியவர்களும் சேர்ந்து நடிப்பார்கள். இருபது வயது நெறியாளர் அறுபது வயது மாமாவிடம் "அங்கே நில்லுங்கோ" என்று சொல்லத் தயங்குவார். "மாமா, இந்த இடத்தில அவருக்கு மகனைப் பார்க்க விருப்பமில்லை எல்லோ, எங்க போவார்?" என்று கேட்டால், மாமா தானே இடத்தைத் தேடிக் கொடுப்பார். தேவையைக் கேட்பதில் மரியாதையும் உண்டு, அதிகாரமும் உண்டு.

மாணவரின் முன்னேற்றத்தை அளக்க வழி ஒன்று உண்டு. அவர் அமைத்த காட்சியை வசனமின்றி, அசைவை மட்டும் வைத்து நடிக்கச் செய்யுங்கள். நாடகம் தெரியாத ஒருவரை அழைத்து வந்து பார்க்கவையுங்கள். தமிழ் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது; மொன்றியலில் அப்படிப்பட்ட அயலவர் கிடைப்பது கடினமில்லை. யார் யாரிடம் எதை வேண்டினார், யார் கொடுக்கவில்லை, கடைசியில் யார் மாறினார் என்று அவர் சொல்லிவிட்டால், உங்கள் மாணவர் நெறியாளராகிவிட்டார்.

10. அடுத்த வகுப்புக்கு முன்

ஒவ்வொரு மாணவரும் இரண்டு பக்கத்துக்கு மேற்படாத காட்சி ஒன்றைத் தெரிந்தெடுக்கட்டும். அதில் மூன்று அசைவுகளுக்கு மட்டுமே அனுமதி. மூன்றுக்கும் வினை எழுதி, படம் வரைந்து, இரண்டு நடிகர்களோடு அரைமணி நேரம் ஒத்திகை செய்துவரட்டும். வகுப்பில் காட்சியை நடித்துக் காட்டியபின், மூன்றில் எதை நீக்கினால் கதை உடையும் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். மூன்றையும் நீக்க முடியாது என்று வகுப்பு ஒருமனதாகச் சொல்லும்வரை அந்தக் காட்சியிலேயே வேலை தொடரட்டும். அதன் பிறகு நான்காவது அசைவைக் கொடுங்கள்.